2021 பிப்ரவரி, டல்லாஸ்: எங்க வீட்டு பைப் ஏன் வெடிச்சுது, கார் ஏன் கிளம்பல

டெக்சாஸ்ல அந்த பனிப்புயல் வந்து போன வாரத்துல எங்க வீட்டுக்கும் காருக்கும் என்னென்ன ஆச்சுங்கறத ஆரம்பத்துல இருந்து எழுதறேன். ஊர்ல இருந்து டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன்னு வேலைக்கு வர்றவங்க எல்லாரும் வெயிலுக்கு தயாரா தான் வர்றாங்க, ஏசி சரியா இருக்கான்னு பாக்கறாங்க, குளிரப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல, நாங்களும் கேக்கல. அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் தான் சொந்த வீட்டுல தண்ணி எந்த வழியா ஓடுதுன்னே தெரியாம மூணு வருஷம் குடியிருந்துருக்கோம்னு புரிஞ்சுது.

வீட்டப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். டல்லாஸுக்கு வடக்க ஒரு சபர்ப், 2006ல கட்டுன ரெண்டு மாடி வீடு, 2018ல வாங்கினோம். காப்பர் பைப், வீட்ட சூடாக்க கேஸ் ஃபர்னேஸ், கேஸ் அடுப்பு. ரெண்டு கார், ரெண்டுமே கேரேஜ் உள்ள நிக்கும். நான், என் மனைவி, அப்போ நாலு வயசு பொண்ணு.

எச்சரிக்கை வரலன்னு சொல்ல முடியாது, ஒரு வாரம் முன்னாடியே டிவில சொல்லிட்டாங்க. பிப்ரவரி 11 விடிகாலைல ஃபோர்ட் வொர்த்ல ஐ-35 டபிள்யூ ரோட்டுல 133 வண்டி ஒன்னு மேல ஒன்னு மோதி ஆறு பேர் செத்துப் போனாங்க, அன்னிக்கு பெருசா பனி கூட கொட்டல, லேசா தூறின மழை ரோட்டுல பட்டதும் அப்படியே ஐஸா ஒட்டிக்கிச்சு, அவ்வளவு தான். மறுநாள் கவர்னர் ஸ்டேட்ல இருக்கற 254 கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேரிடர் நிலைன்னு அறிவிச்சார். இங்க நகராட்சிகள் எல்லாம் குளிர் வந்தா நாலு விஷயத்த காப்பாத்துங்கன்னு சொல்லுவாங்க: ஆளுங்க, வளர்ப்பு பிராணி, பைப், செடி. நாங்க செடித் தொட்டி எல்லாம் உள்ள எடுத்து வச்சோம், வெளி குழாய்க்கு ஃபோம் கவர் மாட்டினோம், பால், தண்ணி கேன், அரிசி, மெழுகுவர்த்தி வாங்கினோம், கிச்சன் குழாய்ல பச்சத்தண்ணி சொட்டற மாதிரி தெறந்து விட்டோம். அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம்.

14ம் தேதி ஞாயித்துக்கிழமை பனி கொட்டுச்சு, நாலஞ்சு இன்ச் இருக்கும், பொண்ணு பொம்மை பண்ணி விளையாண்டா, போட்டோ எடுத்து தாத்தா பாட்டிக்கு அனுப்பினோம். அன்னிக்கு சாயங்காலம் தான் டெக்சாஸ்ல குளிர்கால கரண்ட் தேவை 69,222 மெகாவாட்னு ரெக்கார்டுக்கு போச்சு. ராத்திரி ஆக ஆக பவர் ஸ்டேஷன் ஒன்னொன்னா விழ ஆரம்பிச்சுது, கேஸ் கிணத்துலயும் பைப்லைன்லயும் உறைஞ்சு போய் கேஸ் வரல, ஸ்டேஷன் உள்ளயே அளவு பாக்கற கருவிக்கு போற சின்ன குழாய்கள் உறைஞ்சுது, நிலக்கரி, காத்தாலை, ஏன் ஒரு அணு உலை கூட நின்னுச்சு. டெக்சாஸோட பெரும்பகுதிக்கு தனி கிரிட், அதாவது தனி மின்சார வலைப்பின்னல், பக்கத்து ஸ்டேட்ல இருந்து பெருசா வாங்கவும் முடியாது. ராத்திரி 1:20க்கு மேல கரண்ட நிறுத்த ஆரம்பிச்சாங்க. கிரிட்டோட அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது 59.3க்கு இறங்கிருச்சு, அது 59.4க்கு கீழ 9 நிமிஷம் இருந்துருந்தா மிச்ச ஸ்டேஷனும் தானா கழண்டு ஸ்டேட் கிரிட்டே மொத்தமா விழுந்துருக்கும், அதுக்கு 4 நிமிஷம் 37 செகண்ட் தான் பாக்கி இருந்துச்சு. அத தடுக்க ஊர் ஊரா அணைச்சாங்க. எங்க வீட்டுல ரெண்டு மணிக்கு போச்சு. சுழற்சி முறைல மாத்தி மாத்தி வரும்னு சொன்னாங்க, ஆனா நிறுத்த வேண்டியது அதிகபட்சம் 20,000 மெகாவாட் வரைக்கும் போனதால மாத்தறதுக்கு வேற லைனே இல்லாம போச்சு, ஆஸ்பத்திரி, ஃபயர் ஸ்டேஷன் இருக்கற லைன்ல எல்லாம் கரண்ட் இருந்துச்சு, மத்த லைன் நாள் கணக்கா இருட்டுல கிடந்துச்சு.

முதல் பாடம் விடிகாலைலயே கிடைச்சுது. கேஸ் ஃபர்னேஸ் தானே, கரண்ட் போனாலும் ஹீட்டர் ஓடும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஓடாது. கேஸ் எரிஞ்சாலும் சூட வீடு முழுக்க தள்ளற ப்ளோயர் கரண்ட்ல தான் ஓடுது, அத கட்டுப்படுத்தற போர்டும் கரண்ட்ல தான். கேஸ் பில் கட்டறோம், கேஸ் வருது, ஆனா வீடு சில்லுன்னு ஆயிட்டே போகுது. திங்கக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள்ள 45 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 7 செல்சியஸ். செவ்வாய் காலைல 38, கிட்டத்தட்ட 3 செல்சியஸ். அதே காலைல டல்லாஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 2 ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட மைனஸ் 19 செல்சியஸ் பதிவாச்சு, 1949க்கு அப்புறம் அங்க அவ்வளவு குளிர் வந்ததில்ல.

மாஸ்டர் பெட்ரூம்ல இருக்கற துணி அலமாரி ரூமுக்குள்ள மூணு பேரும் போயிட்டோம், ஜன்னல் இல்லாத ரூம், சின்னது, வெளிச்சுவர் ஒன்னும் படாது. ரஜாய், கம்பளி, வேஷ்டி எல்லாம் தொங்க விட்டு ஒரு கூடாரம் மாதிரி பண்ணோம். இது ஒன்னு தான் நாங்க சரியா பண்ணது, உடம்பு சூடே ரூம வெளிய விட பத்து டிகிரி கூட வச்சுது. தீக்குச்சில அடுப்ப பத்த வச்சு கஞ்சியும் ரசமும் வச்சோம். என் மனைவி அடுப்ப அப்படியே எரிய விடலாமா, வீடு கொஞ்சம் சூடாகும்ல, ‘ஏங்க, கொழந்தைக்கு கை எல்லாம் சில்லுன்னு இருக்குங்க’ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நல்லவேளை வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு டாக்டர் அக்கா அடுப்ப சமையலுக்கு மட்டும் வைங்க, கரி அடுப்பு, கிரில் எதையும் உள்ள கொண்டு வராதீங்கன்னு அழுத்தி சொன்னாங்க. அந்த வாரம் ஹூஸ்டன்ல கேரேஜ்ல கார ஓட விட்டு சூடு பிடிக்கப் போய் ஒரு தாயும் மகளும் செத்துப் போனாங்க. ஸ்டேட் சுகாதாரத் துறை கணக்குப்படி இந்த புயல்ல இறந்தவங்க 246 பேர், அதுல 161 பேர் குளிர் தாங்காம, 22 பேர் ரோடு விபத்துல, 19 பேர் கார்பன் மோனாக்சைடுங்கற வாசனையே இல்லாத விஷ வாயுல.  கார்பன் மோனாக்சைடு அலாரம் ஸ்டேட் முழுக்க எல்லா வீட்டுலயும் இருக்கணும்னு அப்போ டெக்சாஸ்ல சட்டம் கிடையாது, எங்க வீட்டுலயும் இல்ல. இப்போ மாடிக்கு ஒன்னு இருக்கு, பேட்டரில ஓடறது, ஒன்னு முப்பது டாலர் பக்கம் தான் வரும்.

செவ்வாய் கார் கதை

செவ்வாய் காலைல ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணான், அவன் வீட்டுக்கு பின்னாடி ஃபயர் ஸ்டேஷன், கரண்ட் இருக்கு, ‘மச்சி, யோசிக்காம கொழந்தைய தூக்கிட்டு வாடா’ன்னான். பதினோரு மைல். கிளம்பலாம்னு கேரேஜுக்கு போனா கதவு தெறக்கல, மோட்டார் கரண்ட்ல ஓடறது. கதவு ஓடற தண்டவாளத்துல இருந்து ஒரு செவப்பு கயிறு தொங்கும், அத இழுத்தா மோட்டார் கழண்டு கதவ கையால தூக்கலாம், எனக்கு அது எதுக்குன்னே அது வரைக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து காட்டினார். எழுபது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு, அந்த வாரம் எங்க தெருவுக்கே அவர் தான் துணை.

கார் ஸ்டார்ட் ஆகல. ஒரு க்ளிக் சத்தம், அவ்வளவு தான். பேட்டரி நாலு வருஷம் ஆனது. இதுல ஒரு விஷயம் இங்க இருக்கறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், பேட்டரிய உள்ளுக்குள்ள கெடுக்கறது டெக்சாஸ் வெயில் தான், குளிர் வந்து அத வெளிய காட்டிக் கொடுக்குது. ஏஏஏங்கற அமெரிக்க கார் ஓட்டறவங்க சங்கம் சொல்ற கணக்குப்படி 32 டிகிரி ஃபாரன்ஹீட்ல பேட்டரி பலம் 35 சதவீதம் குறையும், ஜீரோல 60 சதவீதம் குறையும், அதே நேரத்துல இஞ்சின் ஆயில் கெட்டியாகி இஞ்சின சுத்த கூட பலம் தேவைப்படும். நாலு கோடை பாத்த பேட்டரிகிட்ட மிச்சம் என்ன இருக்கும். அது போதாதுன்னு முந்தின நாள் நான் ரெண்டு மணி நேரம் இஞ்சின் ஓட்டாம சாவிய ஆன் பண்ணி போன் சார்ஜ் போட்டுருக்கேன். கேரேஜ்ல இஞ்சின ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சதால அப்படி பண்ணேன், வண்டிய வெளிய தள்ளி நிறுத்தி, சைலன்சர் குழாய பனி மூடலன்னு பாத்துட்டு, இஞ்சின் ஓட்டி சார்ஜ் போட்டுருக்கணும். கதவு தெறக்கத் தெரியாததால அது நடக்கல. ஒன்னு தெரியாம போனது இன்னொன்ன எப்படி இழுத்துட்டு வருதுன்னு பாருங்க.

பெரியவரோட ட்ரக்ல இருந்து ஜம்ப் கொடுத்து கிளப்பினோம். வைப்பர் தண்ணி அடிச்சா வரல, கோடைக்கு போடற பூச்சி கழுவற நீல தண்ணி தான் உள்ள இருந்துச்சு, அது உறைஞ்சு கல்லாயிருச்சு. கண்ணாடில ஐஸ் சொரண்ட ஸ்க்ரேப்பர் இல்ல, கார்டு வச்சு சொரண்டினேன், கார்டு ஒடஞ்சுது. வெந்நீர் ஊத்தலாமான்னு கேட்டேன், பெரியவர் கையப் பிடிச்சு தடுத்துட்டார், அந்த குளிர்ல வெந்நீர் பட்டா கண்ணாடி கீறல் விட்டுரும். டயர்ல காத்து 27 பிஎஸ்ஐ காட்டுச்சு, 35 இருக்க வேண்டியது, பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைஞ்சா ஒரு பிஎஸ்ஐ குறையும், அந்த வாரம் நாப்பது அம்பது டிகிரி குறைஞ்சுருக்கு, முன்னாடியே கம்மியா வேற இருந்துருக்கும்.

ரோட்டுல எப்படி போனோம்னா, ஹைவே மேல ஏறவே இல்ல, கீழ சர்வீஸ் ரோட்டுலயே இருபது மைல் வேகத்துக்கு மேல போகாம போனோம். பாலமும் ஃப்ளைஓவரும் தான் முதல்ல உறையும், தரை மேல இருக்கற ரோட்டுக்கு மண்ணோட சூடு கொஞ்சம் கிடைக்கும், பாலத்துக்கு கீழயும் காத்து மேலயும் காத்து, ரெண்டு பக்கமும் சூட இழந்துரும். ஃபோர்ட் வொர்த்ல அந்த 133 வண்டி மாட்டினதும் தரைல இருந்து ஒசந்து போற லேன்ல தான். நாலு சக்கர டிரைவ் இருக்குன்னு தைரியமா போறவங்கள அன்னிக்கு நிறைய பாத்தேன், அது வண்டிய கிளப்ப உதவும், பிரேக் பிடிக்கறப்போ நாலு டயரும் வழுக்கத் தான் வழுக்கும். பதினோரு மைலுக்கு ஒன்னே கால் மணி நேரம் ஆச்சு. போய் சேந்ததும் பொண்ணு ஹீட்டர் காத்து வர்ற இடத்துல போய் உக்காந்துட்டு எழுந்திருக்கவே இல்ல.

தப்பு நடந்த இடம்

இந்த கேஸ்ல ஒரே ஒரு முடிவ மாத்த முடியும்னா அந்த செவ்வாய் காலைல வீட்ட பூட்டுன நேரத்த தான் மாத்துவேன். கிச்சன் குழாய சொட்ட விட்டுட்டு கிளம்பிட்டோம். கரண்ட் இல்லாத, சூடு இல்லாத வீட்ட விட்டுட்டு போறோம்னா மெயின் வால்வ மூடிட்டு, கீழ இருக்கற குழாயும் மேல இருக்கற குழாயும் தெறந்து விட்டு லைன்ல இருக்கற தண்ணிய வடிச்சுட்டு போயிருக்கணும், டாய்லெட்ட ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணிட்டு போயிருக்கணும். பைப்ல தண்ணியே இல்லன்னா வெடிக்க ஒன்னும் இல்ல. பத்து நிமிஷ வேலை. மெயின் வால்வ் எங்க இருக்குன்னு எனக்கு தெரியாது, அதனால அது தோணவே இல்ல.

புதன் ராத்திரி கரண்ட் வந்துருச்சுன்னு பெரியவர் மெசேஜ் பண்ணார், வியாழன் வீட்டுக்கு வந்தோம். எல்லா ரூமும் பாத்தோம், ஒரு சொட்டு ஈரம் இல்ல. மாடில லாண்ட்ரி ரூம்ல மட்டும் சுடுதண்ணி வரல. தப்பிச்சோம்னு சந்தோஷப்பட்டோம், சாமி படத்துக்கு விளக்கு ஏத்தினோம். வெள்ளிக்கிழமை மதியம் நல்லா வெயில் அடிச்சுது. ரெண்டரை மணி இருக்கும், கேரேஜ்ல மழை பெய்யற மாதிரி சத்தம். போய் பாத்தா சீலிங்ல லைட் ஓட்டை வழியா தண்ணி ஊத்துது, அஞ்சு நிமிஷத்துல சீலிங்ல அடிச்சுருக்கற ஷீட்ராக் பலகை பெரிய துண்டா பொத்துன்னு கார் மேல விழுந்துச்சு, ஊறிப் போன இன்சுலேஷன் பஞ்சு எல்லாம் அதோட. பக்கத்து சுவர் வழியா இறங்கி ஹால் மரத்தரைக்கும் வந்துருச்சு.

பைப் வெடிக்கறது உறையற நேரத்துல, நமக்கு தெரியறது உருகற நேரத்துல. செவ்வாய்க்கிழமையே கிழிஞ்சுருச்சு, ஐஸே அடைப்பு மாதிரி நின்னு தண்ணிய பிடிச்சு வச்சுருந்துச்சு. அந்த மூணு நாள் தான் எங்களுக்கு கிடைச்ச அவகாசம், ஒரு குழாய்ல தண்ணி வரலன்னு தெரிஞ்ச வியாழக்கிழமையே மெயின மூடிருந்தா கேரேஜ் சீலிங் அப்படியே இருந்துருக்கும். ஒரு குழாய்ல மட்டும் தண்ணி வரலன்னா அங்க ஐஸ் நிக்குதுன்னு அர்த்தம், உடனே மூடிடணும், அப்புறம் தான் பிளம்பருக்கு போன் போடணும்.

நான் வீட்டுக்குள்ள வால்வ தேடி ஓடினேன், வாட்டர் ஹீட்டர் மேல இருக்கறத மூடினேன், அது சுடுதண்ணி லைன மட்டும் தான் நிறுத்தும், சரியாச் சொன்னா எங்களுக்கு வெடிச்சதும் சுடுதண்ணி லைன் தான், ஆனா அந்த பழைய வால்வ் பாதிலயே இறுகி சுத்த மாட்டேன்னுருச்சு. இங்க நிறைய வீட்டுக்கு மெயின் வால்வ் முன்னாடி புல்தரைல, நடைபாதைக்கு பக்கத்துல மூடி போட்ட மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கும். அத பனி மூடி கிடந்துச்சு. எங்க இருக்குன்னு தேடி, கிளறி, மூடிய தெறந்தா திருப்ப சாவி இல்ல, டீ மாதிரி நீளமா ஒரு இரும்பு சாவி, மீட்டர் கீன்னு கடைல பதினஞ்சு இருபது டாலருக்கு கிடைக்கும். பெரியவர் அவரோடத எடுத்துட்டு ஓடி வந்து மூடினார். ஆரம்பத்துல இருந்து நாப்பது நிமிஷம் ஓடிருக்கு தண்ணி.

ஏன் அந்த பைப்

பிளம்பர் கிடைக்க பதினாறு நாள் ஆச்சு, ஊர்ல எல்லார் வீட்டுலயும் இதே கதை. வெட்டி எடுத்த பைப்ப கைல வாங்கி பாத்தேன், முக்கால் இன்ச் காப்பர், ஒரு இன்ச் நீளத்துக்கு மீன் வாய் தெறந்த மாதிரி கிழிஞ்சு இருந்துச்சு.

காரணம்னு பாத்தா ஒன்னு மேல ஒன்னு சேந்துருக்கு. மினியாபொலிஸ்ல இருக்கற என் சித்தப்பா பையன் ‘எங்களுக்கு வருஷா வருஷம் மைனஸ் இருபதுடா, இங்க ஒன்னும் ஆகலயே’ன்னு கேட்டான், நியாயமான கேள்வி தான். அங்க வீட்டுக்கு பேஸ்மென்ட் இருக்கு, பைப் எல்லாம் அது வழியா, வீட்டுச் சூட்டுக்குள்ளயே போகும். டெக்சாஸ்ல பெரும்பாலும் பேஸ்மென்ட் கிடையாது, கான்க்ரீட் தளத்து மேலயே வீடு, அதனால மாடிக்கு போற பைப்ப அட்டிக் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கற இடம்) வழியா, வெளிச்சுவர் வழியா கொண்டு போயிடறாங்க. அட்டிக் வெப்பத்த வெளிய விடற மாதிரி காத்தோட்டமா கட்டுனது, வெளிய என்ன குளிரோ அங்கயும் கிட்டத்தட்ட அதே குளிர். எங்க வீட்டுல லாண்ட்ரி ரூம் சுடுதண்ணி லைன் கேரேஜ் மேல இருக்கற அட்டிக்ல பன்னெண்டு அடி போகுது, கீழ கேரேஜ்ல ஹீட்டிங் கிடையாது, அதனால கீழ இருந்தும் சூடு வராது. அது மேல இன்சுலேஷன் போட்டுத் தான் இருந்துருக்காங்க, எப்பவோ லைட்டுக்கு வயர் இழுத்தவங்க பஞ்ச ஒதுக்கிட்டு திரும்ப மூடாம போயிருக்காங்க, ரெண்டு அடி பைப் மொட்டையா கிடந்துச்சு. கிழிஞ்சது அந்த ரெண்டு அடில தான்.

இன்னொன்னு, நாங்க சொட்ட விட்டது பச்சத்தண்ணி மட்டும், அதுவும் கிச்சன்ல. சுடுதண்ணி லைன்ல தண்ணி அசையாம நின்னுச்சு. ஹீட்டர்ல இருந்து வர்றதால உறையாதுன்னு ஒரு நினைப்பு, ஆனா பைப்ல நிக்கற தண்ணி கொஞ்ச நேரத்துல ஆறிடும், அப்புறம் ரெண்டும் ஒன்னு தான். சொட்ட விடறது எதுக்குன்னு தெரிஞ்சுருந்தா இந்த தப்பு வந்துருக்காது. தண்ணி ஐஸானா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும். பைப் கிழியறது பெரும்பாலும் ஐஸ் பக்கவாட்டுல தள்றதால இல்ல, ஐஸ் அடைப்பு வளந்து வளந்து மூடுன குழாய் பக்கம் தண்ணிய நெருக்குது, நடுவுல மாட்டுன தண்ணில அழுத்தம் ஏறிட்டே போய் எங்க பலவீனமோ அங்க கிழியுது. குழாய் கொஞ்சம் தெறந்து இருந்தா அந்த அழுத்தம் வெளிய போயிடும், சொட்டறது நின்னுட்டாலும் மூடக் கூடாது, தெறந்தே விடணும். இல்லினாய் யூனிவர்சிட்டில இந்த மாதிரி தெற்கு வீடுகள வச்சு ஆராய்ச்சி பண்ணி வெளிய 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ போனா உஷாராகணும்னு சொல்லிருக்காங்க, அதாவது மைனஸ் 7 செல்சியஸ் பக்கம். இப்போ எங்க வீட்டுல அது தான் கணக்கு, ஃபோர்காஸ்ட்ல 20ன்னு பாத்தா வேலைய ஆரம்பிச்சுருவோம்.

டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டர வெளிச்சுவர்ல மாட்டிருக்கறவங்க இத கவனிங்க, அதுக்குள்ள உறையாம இருக்க சின்ன ஹீட்டர் இருக்கும், அது கரண்ட்ல ஓடறது, கரண்ட் போனா அதுவும் போச்சு. எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல அது உள்ளுக்குள்ள வெடிச்சுது. கரண்ட் போனா அத வடிச்சு விடற வால்வ் எங்கன்னு இப்பவே மேனுவல்ல பாத்து வச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா. பைப் திடீர்னு வெடிச்சது பாலிசில கவர் ஆச்சு, டிடக்டிபிள், அதாவது நாம கைல இருந்து போட வேண்டிய பங்கு, வீட்டு கவரேஜ்ல ஒரு சதவீதம், எங்களுக்கு 3,200 டாலர் கைல இருந்து போச்சு, டிடக்டிபிள் டாலர்ல இல்லாம சதவீதத்துல இருக்குன்னு அன்னிக்கு தான் கவனிச்சேன். தொடறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ எடுத்தது, கிழிஞ்ச பைப் துண்ட தூக்கிப் போடாம வச்சுருந்தது, ஃபேன் வாடகைக்கு எடுத்த ரசீது, இதெல்லாம் க்ளைம்ல கேட்டாங்க. ஈரத்த அன்னிக்கே காய வைக்க ஆரம்பிங்க, ஒன்னு ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சுரும், ஆள் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

இப்போ என்ன பண்றோம்

நவம்பர் முதல் சனிக்கிழமை. காலைல நான் அட்டிக்ல ஏறி பைப் போற வழி முழுக்க டார்ச் அடிச்சு பாப்பேன், மொட்டையா எங்கயும் இல்லயான்னு. கேரேஜ் மேல போற லைனுக்கு ஃபோம் உறை போட்டு அது மேல பஞ்சு மூடிருக்கேன். வெளி குழாய்ல மாட்டுன ஹோஸ் எல்லாம் கழட்டிடுவோம், ஹோஸ் மாட்டியே இருந்தா உள்ள தண்ணி நின்னு சுவருக்குள்ள வெடிக்கும். மீட்டர் கீ கேரேஜ் கதவுக்கு பக்கத்துல ஆணில தொங்குது, மீட்டர் பெட்டி பக்கத்துல ஒரு ஆரஞ்சு குச்சி நட்டுருக்கேன், பனி மூடினாலும் இடம் தெரியும். வருஷம் ஒரு தடவ நானும் மனைவியும் தனித்தனியா அந்த வால்வ மூடித் தெறந்து பாப்போம், ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, அந்த ஒருத்தர் ஆபீஸ்ல இருக்கற நேரத்துல தான் வெடிக்கும். வாட்டர் ஹீட்டர் மேல இறுகிக் கிடந்த வால்வ மாத்தியாச்சு. குளிர் வர்ற ராத்திரில வெளிச்சுவர் பக்கம் இருக்கற சிங்க் அடி கதவ தெறந்து வைப்போம், சுடுதண்ணி பச்சத்தண்ணி ரெண்டும் சொட்டும், பாத்டப்ல தண்ணி பிடிச்சு வைப்போம், போன தடவ ஸ்டேட்ல ஒரு கோடியே நாப்பது லட்சம் பேருக்கு மேல தண்ணிய கொதிக்க வச்சு குடிங்கன்னு சொல்ற நிலமைக்கு போச்சு, ஃப்ளஷ் பண்ண பனிய வாளில உருக்குனவங்க எத்தனையோ பேர்.

ஜெனரேட்டர் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வாங்கினா வீட்டுல இருந்து இருபது அடி தள்ளி வெளிய வைங்க, கேரேஜ் கதவ தெறந்து உள்ள வைக்கறதும் ஆபத்து தான். அத சுவர் ப்ளக்ல நேரா சொருகி வீட்டுக்கு கரண்ட் கொடுக்கறது கம்பம் ஏறி வேலை பாக்கறவரோட உயிர எடுக்கும், எலக்ட்ரீஷியன் வச்சு ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வீட்ட வெளி லைன்ல இருந்து பிரிக்கறது) போடாம அத செய்யவே கூடாது.

காருக்கு அதே சனிக்கிழமை பேட்டரி டெஸ்ட், பார்ட்ஸ் கடைல இலவசமாவே பாத்து கொடுப்பாங்க, மூணு வருஷம் தாண்டிட்டா நான் மாத்திடறேன். கூலன்ட்ல வெறும் தண்ணி ஊத்தி ஊத்தி வச்சுருந்தா பாதிக்கு பாதி கலவைக்கு கொண்டு வாங்க, அந்த கலவை மைனஸ் 34 ஃபாரன்ஹீட் வரைக்கும் தாங்கும், வெறும் தண்ணி இஞ்சின் ப்ளாக்கையே பிளந்துரும். வைப்பர் தண்ணிய குளிர் தாங்கறதா மாத்துவோம். டிக்கில ஸ்க்ரேப்பர், கம்பளி, ஜம்ப் பேட்டரி, ஒரு மூட்டை பூனை மண்ணு (வளர்ப்புப் பூனை கழிவுக்கு போடறது), அது டயர் அடில போட்டா பிடிமானம் கிடைக்கும், கடலை மிட்டாய், தண்ணி பாட்டில். பெட்ரோல் பாதி டேங்குக்கு கீழ குளிர்காலத்துல விடறது இல்ல. 2022 ஜனவரில வர்ஜீனியால ஐ-95 ரோட்டுல பனில நூத்துக்கணக்கான வண்டி ஒரு நாளுக்கு மேல நகராம நின்னுச்சு, செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் மாட்டிக்கிட்டார், கைல ஒரு ஆரஞ்சும் ஒரு டாக்டர் பெப்பர் கூல்ட்ரிங்கும் தான். எலக்ட்ரிக் கார் வச்சுருக்கறவங்க 20 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஹீட்டர் போட்டா ரேஞ்ச் 41 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு ஏஏஏ 2019ல டெஸ்ட் பண்ணி சொன்னத மனசுல வச்சு கணக்கு போடுங்க, அதுக்காக பயந்துக்க வேண்டியதில்ல, மாட்டிக்கிட்டா உக்காந்த இடத்துல சீட் ஹீட்டர் மட்டும் போட்டா ரொம்ப நேரம் தாங்கும், புகையும் வராது.

2022 டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பெரிய குளிர் வந்துச்சு, இந்த தடவ கிரிட் தாங்கிருச்சு, கரண்ட் போகல, எங்க வீட்டுல ஒரு குழாயும் நிக்கல. பக்கத்து தெருவுல புதுசா வந்த தமிழ் குடும்பம் ஒன்னு, லீவுக்கு ஊருக்கு போயிருந்தாங்க, போறதுக்கு முன்னாடி மீட்டர் கீய வாங்கிட்டுப் போய் மெயின மூடி வடிச்சுட்டு தான் போனாங்க. திரும்பி வந்து தெறந்தாங்க, எல்லாம் நல்லா இருந்துச்சு.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்த பன்னெண்டு அடி லைன் இன்னும் கேரேஜ் அட்டிக்ல தான் போகுது. அத எடுத்துட்டு உள் சுவர் வழியா பெக்ஸ் பைப்ல மாத்தி கொண்டு போக பிளம்பர் விலை கொடுத்துருக்கார், ரெண்டு சுவர ஒடைக்கணும். பெக்ஸ் பிளாஸ்டிக், கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும், காப்பர் மாதிரி சீக்கிரம் கிழியாது, உறையவே உறையாதுன்னு இல்ல. ஹால் பெயின்ட் அடிக்கறப்போ சேத்து பண்ணிடலாம்னு தேதி குறிச்சுருக்கோம், அக்டோபர் கடைசி வாரம், அது முடியற வரைக்கும் 20 டிகிரின்னு ஃபோர்காஸ்ட் வந்தா லாண்ட்ரி ரூம் சுடுதண்ணி குழாய நான் தான் தெறந்து விட்டுட்டு படுக்கப் போவேன்.